மிளகின் கடைசிக் குழாய்

எனக்கு வாய் அதிகம் என்று ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். இருபத்திரண்டு வருஷமாகச் செல் வளர்க்கிறேன். எனக்கு வாய் இல்லாவிட்டால் இந்த அறை என்றைக்கோ சந்தைக்கடை ஆகியிருக்கும். கை கழுவாமல் உள்ளே நுழைகிறவர், செல்களை வெதுவெதுப்பாக வைக்கிற இன்குபேட்டர் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஃபோன் பேசுகிறவர், அடுத்தவர் பாட்டிலில் தன் பிப்பெட் குழாயை விடுகிறவர் என்று யாராக இருந்தாலும், எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போனதில்லை. அப்படிப்பட்ட நான் செய்த தப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வேலை கேட்பதற்குப் பெரிது, செய்வதற்கு வீட்டு வேலை மாதிரி. உடம்பிலிருந்து எடுத்த செல்களை ஃபிளாஸ்க் என்கிற தட்டையான குப்பியில் போட்டு வளர்க்க வேண்டும். மீடியம் என்கிற இளஞ்சிவப்புத் தண்ணீர்தான் அவற்றுக்குச் சாப்பாடு. அது மஞ்சளாக மாறினால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். இடம் போதாமல் நெருக்கினால் இரண்டு ஃபிளாஸ்காகப் பிரிக்க வேண்டும். ஞாயிறு, விடுமுறை எதுவும் அவற்றுக்குத் தெரியாது. இந்த அறைக்கு இரண்டு சட்டம் உண்டு, இரண்டையும் போட்டது நான்தான். ஒரு வகைச் செல்லுக்கு ஒரு பாட்டில் மீடியம். அதன் பெயரை பாட்டில்மேல் எழுதாமல் மூடியைத் திறக்கக் கூடாது. மெதுவாக வளர்கிற செல்லை முதலில் கவனித்துவிட்டு, வேகமாக வளர்கிறதைக் கடைசியில் தொட வேண்டும். ஏனென்றால், வேகமாக வளர்கிற செல் ஒன்றே ஒன்று, ஒரு சொட்டில் ஒட்டிக்கொண்டு போய் மெதுவான கூட்டத்தில் விழுந்தால் போதும். சில வாரத்தில் அது பெருகி வீட்டுக்காரரை வெளியே தள்ளிவிடும். கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் இருக்காது.

மிளகு என் அக்காவின் ஒரே மகள். அவளுக்கு வேறு பெயர் இருந்தது, பள்ளிக்கூடத்தில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆள் சின்னது, பேச்சு சுள்ளென்று இருக்கும். அதனால் நான் வைத்த பெயர் மிளகு. ஆறு வயதில் மாடிப்படி ஏறத் திணறினாள். எட்டு வயதில் விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. பத்து வயதில் சக்கர நாற்காலி வந்தது. தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துபோகிற வியாதி, பிறவியிலேயே வருவது, மருந்து இல்லாதது என்றார்கள். எங்கள் ஆய்வகம் அதே வியாதியை ஆராய எடுத்துக்கொண்டது தற்செயல் இல்லை. நான்தான் தலைவர் முன்னால் போய் நின்றேன். எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. விடுப்பு கேட்டாலும் ஆகட்டும், குளிர்பெட்டி கெட்டுப்போச்சு என்றாலும் ஆகட்டும். அன்றைக்கும் அதையேதான் சொன்னார்.

பதினோரு வயதில் அவள் முன்கையிலிருந்து துளியூண்டு தோல் எடுத்தோம்.

"என்கிட்டேருந்தே என்னை எடுத்துட்டுப் போறீங்களா சித்தி?" என்று கேட்டாள்.

"ஆமாடி. நீ வீட்ல உக்காந்து படம் பாரு. இது அங்க வந்து வேலை பாக்கட்டும்."

"சம்பளம் யாருக்கு?"

"எனக்குத்தான். வளக்கறது யாரு?"

அந்தத் துணுக்கிலிருந்து வந்த செல்களை நான் வளர்த்தேன். முதல் வாரமே மூன்று சின்னக் குழாயில் எடுத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்தேன். மீதியை ஃபிளாஸ்கில் ஓடவிட்டேன். ஆய்வகம் முழுக்க அதை மிளகு என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். "மிளகுக்குச் சாப்பாடு மாத்தியாச்சா?" "மிளகு இன்னிக்கு எப்படி?" குறிப்பேட்டில் மட்டும்தான் எண்.

நாங்கள் தேடியது ஒரே ஒரு கேள்விக்கு விடை. தசை உறுதியாக இருக்க, செல்லுக்குள்ளே இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். மிளகுக்கு அதில் ஒன்று பிறவியிலேயே சற்றே மாறியிருந்தது. அப்படி மாறினாலும் அது அடுத்ததோடு சேருகிறதா, சேரவில்லையா? சேரவில்லை என்றால், சேர்த்து வைக்கிற மருந்தைத் தேடலாம். சேருகிறது என்றால் கோளாறு வேறெங்கோ. அந்தப் பக்கம் போவது வீண்.

விடை கிடைப்பதற்கு முன்னாலேயே அவள் போய்விட்டாள். பன்னிரண்டு வயது முடிந்து இரண்டு மாதம். மூச்சுவிடுகிற தசையும் தளர்ந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள். வாரத்துக்கு இரண்டு முறை ஃபோன் செய்வாள். கடை, வீடு, முதுகுவலி எல்லாம் பேசிவிட்டு, வைக்கிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பாள்: "அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காக்கா. காலையில பாத்தேன்."

"சாப்பாடு?"

"குடுத்தேன். தட்டு கொள்ளாம வளர்றா."

"சரி, தூங்கச் சொல்லு," என்பாள். ஏழு வருஷம் இப்படி. இது சரியா, தப்பா என்று நான் யோசிக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்பட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கும் தேவைப்பட்டது.

தட்டு கொள்ளாமல் வளர்ந்ததும் நிஜம். அவள் போன மூன்றாம் மாதத்திலிருந்து அந்தச் செல்கள் வேகம் பிடித்தன. தோல் செல் இப்படி வளராது. ஒரு கணக்குக்கு மேல் பிரிந்தால் அது களைத்து நின்றுவிடும். இந்த வேலையில் அது பால பாடம். இவை நிற்கவே இல்லை. வேறு யாராவது இப்படி ஒரு ஃபிளாஸ்கைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், "எதையோ கலந்துட்டு வந்து நிக்கறீங்க, போய்க் கொட்டுங்க" என்று காது கிழியக் கத்தியிருப்பேன். மிளகு என்றதும் என் புத்தி மழுங்கிவிட்டது. உயிரோடு இருந்தபோது ஒரு படி ஏற முடியாதவள் இப்போது ஓடுகிறாள் என்று பெருமையாக அக்காவிடம் சொன்னேன். அவள் ஃபோனிலேயே அழுதாள். பிடிவாதக்காரி, எப்பவும் அப்படித்தான் என்று இரண்டு பேரும் பேசிச் சிரித்தோம். தலைவரும் அபூர்வமாக அப்படி மாறலாம் என்று எங்கேயோ படித்ததைச் சொன்னார். மூன்று பேருக்கும் அது வேண்டியிருந்தது, அதனால் மூன்று பேரும் நம்பினோம்.

அந்தச் செல்களை வைத்துத்தான் பரிசோதனை நடந்தது. இரண்டு புரதங்களும் நன்றாகவே சேருகின்றன என்று வந்தது. கட்டுரை வெளியானது. இந்த வியாதியைப் பார்க்கிற மற்ற இடங்களும், சரி, கோளாறு அங்கே இல்லை என்று வேறு பக்கம் திரும்பிவிட்டன. மருந்து தேடிக்கொண்டிருந்த ஒரு குழு அதோடு கடையைக் கட்டியது.

போன வருஷம், எங்கள் கட்டுரை வந்த அதே ஆய்விதழுக்கு வேறொரு ஆய்வகம் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தது. இதே வியாதி உள்ள இன்னொரு பிள்ளையின் செல்லில் இரண்டும் சேரவில்லை என்று அதில் இருந்தது. ஆய்விதழ்க்காரர்கள் எங்களிடம் விளக்கம் கேட்டார்கள். கூடவே, உங்கள் செல் யாருடையது என்று அடையாளப் பரிசோதனை செய்து அனுப்புங்கள் என்றும் எழுதினார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் செல்லையா சந்தேகப்படுகிறார்கள் என்று, அன்றைக்கே மாதிரி எடுத்து அனுப்பினேன், இந்தா பார்த்துக்கொள் என்கிற மாதிரி.

பத்து நாளில் அறிக்கை வந்தது. ஒரே பக்கம். மேலே எங்கள் எண். அதற்குக் கீழே முதல் வரியிலேயே, ஆண் என்று இருந்தது.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வேறு யாருடைய அறிக்கையோ மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது வரியில் எந்தச் செல் என்றும் போட்டிருந்தார்கள். எங்கள் அறையிலேயே அடுத்த தட்டில் இருக்கிற செல்தான். யாரோ ஓர் அறுபது வயது ஆளின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, நான் பிறப்பதற்கு முன்னாலேயே எடுத்தது. உலகத்தில் பாதி ஆய்வகத்தில் இருக்கும். மூன்றே நாளில் ஃபிளாஸ்க் நிறைந்துவிடும்.

 பழைய குறிப்பேடுகளை எடுத்துத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். எந்த பாட்டில் எந்தச் செல்லுக்குப் போனது என்று நாள்வாரியாக எழுதி வைப்பது என் வழக்கம். வேகம் பிடித்த மாதத்திலிருந்து பின்னால் போனேன். கிடைத்துவிட்டது. அந்தக் கட்டிச் செல்லுக்கும் மிளகுக்கும் ஒரே பாட்டில் எண். முதலில் கட்டிச் செல், அப்புறம் மிளகு. என் கையெழுத்து. தேதி, அவள் செத்த மூன்றாம் நாள்.

அன்றைக்கு என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. உள்ளே வந்தபோது, "எதுக்கும்மா வந்தீங்க, வீட்டுக்குப் போங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அக்கா வீட்டில் உட்கார முடியவில்லை. அந்த நாற்காலி கூடத்திலேயே இருந்தது. மிளகின் செல்லாவது பட்டினி கிடக்கக் கூடாது என்று ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தேன். என் சட்டம் இரண்டையும் நானே ஒரே காலையில் உடைத்தேன். உடைத்தது எனக்கு ஞாபகம்கூட இல்லை.

தலைவரிடம் அறிக்கையையும் குறிப்பேட்டையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஆகட்டும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கணும்," என்றார்.

"வாங்கிக்குங்க சார். யாரால, எப்படின்னும் எழுதுங்க. 'கலப்பு நேர்ந்துவிட்டது'ன்னு பூசி மெழுகாதீங்க. மழை மாதிரி அது தானா வரல. நான் செஞ்சது."

"தப்புன்னு சொன்னா மட்டும் போதாதும்மா. அப்ப சரி எதுன்னு கேப்பாங்க. அந்த இன்னொரு ஆய்வகத்துல ஒரு பிள்ளையோட செல்தான் இருக்கு. ஒண்ணை வெச்சு யாரும் மருந்துல இறங்க மாட்டாங்க. ரெண்டாவதா நம்மளுதும் இருந்தா..." என்று நிறுத்தினார். "உறைய வெச்ச குழாய் எத்தனை இருக்கு?"

மூன்று வைத்தேன். ஒன்று வேறோர் இடத்துக்கு அனுப்பியதில் வழியிலேயே உருகி வீணாகிவிட்டது. இன்னொன்றை ஒருமுறை எடுத்து உருக்கியபோது ஒரு செல்கூட ஒட்டவில்லை. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. அந்த மூன்றாம் நாளுக்கு முன்னால் உறைந்தது. கலப்படமில்லாத மிளகு இந்த உலகத்தில் அவ்வளவுதான்.

"எடுத்துப் பாத்துடலாம்," என்றார். "உங்க அக்காகிட்ட சம்மதக் கையெழுத்து அப்பவே வாங்கியிருக்கோம். மறுபடி கேக்கணும்னு அவசியம் இல்ல."

"கையெழுத்து இருக்கு சார். அக்காவும் இருக்கா," என்றேன். "அவளைக் கேக்காம அந்தக் குழாயை யாராவது தொட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "சரி. நீங்களே கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண்ணுக்கு அளவெடுப்பாள், சட்டத்துக்குள் வில்லையைப் பொருத்துவாள். வீட்டிலும் மேஜைமேல் ஏதாவது ஒரு மூக்குக்கண்ணாடி பிரித்துக் கிடக்கும். அன்றைக்கும் ஒரு சின்னத் திருகைத் திருகிக்கொண்டிருந்தாள். அத்தான் வெளியே போயிருந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. அறிக்கையை எடுத்து நீட்டினேன். இப்படிப் போய்விட்டது, இந்தத் தேதியில், இந்தக் கையால் என்று சொன்னேன்.

அவள் திருகைக் கீழே வைத்தாள். "ஆம்பளையா?"

"ஆமாக்கா."

"யாரு?"

"தெரியாது. செத்து அம்பது வருஷத்துக்கு மேல ஆகுது."

"அப்ப இத்தனை வருஷமா நான் யாரைத் தூங்கச் சொல்லிக்கிட்டிருந்தேன்?"

 தலையைக் குனிந்துகொண்டேன்.

"பாவம், அந்த மனுஷன்," என்றாள். "அவருக்கும் வீட்ல யாராவது இருந்திருப்பாங்க. அவங்க ஒரு நாளாவது எப்படி இருக்காருன்னு கேட்டிருப்பாங்களா?" சொல்லும்போதே குரல் உடைந்தது. உடனே மாறியது. "நீ ஏன் அன்னிக்கு வேலைக்குப் போன?"

"தாங்கலக்கா. இங்க உக்கார முடியல."

"எனக்கு மட்டும் தாங்கிச்சா? நான் தரையில கிடந்தேன். கண்ணைத் தொறந்து பாத்தா நீ இல்ல. என் தங்கச்சி எங்கன்னு அவரைக் கேட்டேன். வேலைக்குப் போயிருக்கான்னாரு. அப்பக்கூட, சரி, என் புள்ளைக்கு ஏதோ செய்யத்தான் போயிருக்கான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். செஞ்சது இதுதானா?"

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பத்து வார்த்தைக்கு நூறு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆனால் பாதியில் எழுந்து போகவும் முடியாது. கேட்க வேண்டியது இன்னும் இருந்தது. ஒரு குழாய் மீதி இருக்கிறது என்றேன். அதை எடுத்தால் என்ன செய்வோம் என்றும் சொன்னேன்.

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு கேக்கற?" என்றாள். "எழுந்து போ. போயிடு."

பத்தொன்பது நாள் ஃபோன் வரவில்லை. நானும் செய்யவில்லை. நைட்ரஜன் தொட்டியின் மட்டத்தைத் தினமும் காலையில் ஒரு தடவையும் கிளம்பும்போது ஒரு தடவையும் பார்த்தேன். அந்தத் தொட்டிப் பக்கம் போனவர்களை எல்லாம் கடித்துக் குதறினேன். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை, விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

இருபதாம் நாள் வாசல் காவலாளி கூப்பிட்டார். அக்கா வந்திருந்தாள், கடையில் பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு. உள்ளே வரமாட்டேன் என்று வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்காராமல் நின்றேன்.

"அந்தக் குழாயை எடுக்கலன்னா என்ன ஆகும்?"

"அப்படியே இருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"நமக்கப்புறமும் இருக்கும்க்கா. தொட்டியை யாராவது பாத்துக்கிட்டா."

"எடுத்தா?"

"உயிர் வரலாம், வராமலும் போகலாம். வந்தா கொஞ்ச நாள் வளரும். அப்புறம் எல்லாத்தையும் உடைச்சாத்தான் உள்ள பாக்க முடியும்."

"இதே வியாதி இருக்கற புள்ளைங்க எத்தனை பேரு?"

"எங்களுக்குத் தெரிஞ்சு முப்பத்தொண்ணு."

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "அவங்க அம்மாக்களும் அந்தக் கட்டுரையை நம்பிக்கிட்டு உக்காந்திருக்காங்களா?"

"ஆமாக்கா."

"எடு," என்றாள். "ஆனா உடைக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கணும். நிஜமானதை. ஒரு தடவையாவது."

மறுநாள் காலையில் எடுத்தேன். அறையில் யாரையும் விடவில்லை. புது பாட்டில், மூடியைத் திறப்பதற்கு முன்னால் பெயர் எழுதினேன். குழாயை வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்துக்கொண்டு ஆட்டினேன். உள்ளே பனிக்கட்டி சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்ததும் எடுத்து மீடியத்தில் விட்டேன். இனி நாளைக்குத்தான் தெரியும்.

மறுநாள் முக்கால்வாசி செல்கள் உருண்டையாக மிதந்துகொண்டிருந்தன. மிதந்தால் செத்தது. நுண்ணோக்கியின் கீழே ஃபிளாஸ்கை ஓரம் ஓரமாக நகர்த்திப் பார்த்தேன். ஓரிடத்தில் நீளமாக, மெல்லிசாக, தரையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. தள்ளி இன்னொன்று. மொத்தத்தில் கொஞ்சம்தான் ஒட்டியிருந்தன. ஒட்டியவை உயிரோடு இருந்தன.

அவற்றை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஏழு வருஷம் வேறொருவரைப் பார்த்துப் பழகிய கண். இவை அவ்வளவு மெதுவாக வளர்ந்தன. நாலு நாள் பார்த்தாலும் நேற்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. மெதுவாகத்தானே வருவாள், மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று, சுவரைப் பிடித்து, "வர்றேன் சித்தி, என்ன அவசரம்?" என்று கேட்டுக்கொண்டு. வேகமாக ஓடியதை நான் எப்படி அவள் என்று நினைத்தேன்? ஒரு மாதிரியை அடையாளப் பரிசோதனைக்கு அனுப்பினேன். பெண் என்று வந்தது. அக்காவின் ரத்த மாதிரியோடு ஒத்துப்போகிறது என்றும் வந்தது. ஐந்து வாரத்தில் மூன்று ஃபிளாஸ்க் நிறைந்தன. அதற்குள்ளேயே சில செல்கள் அகன்று களைக்க ஆரம்பித்துவிட்டன. இதற்குமேல் வளர்க்க முடியாது.

அக்காவுக்கு அங்கியும் கையுறையும் மாட்டிவிட்டு உள்ளே கூட்டிவந்தேன். நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தவள் என்னைக் கேட்காமலே கண்வில்லைகளின் இடைவெளியைத் தன் கண்ணுக்குச் சரிசெய்து, குமிழைத் திருகிக் காட்சியைத் தெளிவாக்கிக்கொண்டாள். அப்புறம் அசையவில்லை. 

"இவ்வளவு ஒல்லியா இருக்கே," என்றாள் கடைசியில்.

"ஒல்லியாத்தான் இருக்கும்."

"ஒண்ணு ரெண்டாப் பிரியுது பாரு, இந்த மூலையில."

நான் குனிந்து பார்த்தேன். பிரிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் என் மனசு கேட்கவில்லை. "அக்கா, ஒரு ஃபிளாஸ்க்கை மட்டும் மறுபடி உறைய வெச்சுடறேன். உனக்குன்னு இருக்கட்டும்."

அவள் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப உங்களுக்குப் பத்துமா?"

"கொஞ்சம் மங்கலா வரும்."

"மங்கலா வந்து, மறுபடி எவனாவது சந்தேகம் கேட்டா?"

"மறுபடி செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"அப்ப மூணையும் போடு," என்றாள். "எனக்குன்னு வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன், அரைகுறையா." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்தாள். வாசல்வரை வந்து, திரும்பி, "நீயே செய். வேற யார்கிட்டயும் குடுக்காத," என்றாள்.

நானே செய்தேன். மூன்று ஃபிளாஸ்கையும் பனிக்கட்டிமேல் வைத்து, மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, செல்லை உடைக்கிற திரவத்தை ஊற்றினேன். சில நிமிஷம்தான். அதற்கப்புறம் அங்கே செல் என்று எதுவும் கிடையாது, கொழகொழவென்று ஒரு கரைசல். எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை. அன்றைக்கு முகக்கவசம் நனைந்து இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது.

மீதி, தூண்டில் போடுகிற மாதிரி. கரைசலில் முதல் புரதத்தை மட்டும் பிடிக்கிற தூண்டிலை விடுவோம். அதை இழுக்கும்போது இரண்டாவதும் கூடவே வருகிறதா என்பதுதான் கேள்வி. வந்தால் எக்ஸ்ரே மாதிரியான ஒரு படத்தாளில் கருப்பாகக் கோடு விழும். வராவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருக்கும். பக்கத்திலேயே வியாதி இல்லாத ஒருவரின் தோல் செல்லையும் வைத்துச் செய்தோம், ஒப்பிட்டுப் பார்க்க.

இரண்டாம் நாள் படம் வந்தது. அக்காவை வரச் சொன்னேன். தலைவர் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் படத்தாளை விளக்குப் பெட்டியின்மேல் வைத்து, பேனா நுனியால் காட்டினார். "இது வியாதி இல்லாதவங்களோடது. கோடு தெரியுதா? நல்லா சேர்ந்திருக்கு. இது உங்க பொண்ணோடது."

அந்த இடம் வெள்ளையாக இருந்தது. மங்கலாகக்கூட ஒன்றும் இல்லை. யாராலும் இனிச் சந்தேகம் கேட்க முடியாது.

"ரெண்டும் அவகிட்ட இருந்தது," என்றேன் நான். "ஆனா சேரல. கோளாறு இங்கதான் இருந்திருக்கு. இனிமே மருந்தை இங்க தேடுவாங்க."

அக்கா முன்னால் சாய்ந்து அந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தாள். "இது எப்பலேருந்து இப்படி?"

"பிறவியிலேருந்தும்மா," என்றார் தலைவர்.

"அஞ்சு வயசுலயும் இப்படித்தானா? வியாதின்னு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடி?"

"அஞ்சு வயசுலயும் இப்படித்தான்க்கா."

 அவள் என்னைப் பார்க்காமல், அந்தப் படத்தைப் பார்த்தே சொன்னாள்:

"ஒரு நாள் பால் டம்ளரைக் கீழ போட்டா. தொடச்சுட்டு வேற ஊத்திக் குடுத்தேன், அதையும் போட்டா. மூணாவதையும் போட்டா. கடைக்கு நேரமாச்சுன்னு எனக்கு ஆத்திரம். வேணும்னே போடறியாடின்னு கையிலயே அடிச்சேன். 'இல்லம்மா, கை நான் சொன்னா கேக்க மாட்டேங்குது'ன்னா. பொய்யா சொல்றேன்னு இன்னொண்ணு வெச்சேன். விரல் பதிஞ்சுது." அவள் குரல் உயரவே இல்லை. "இதை அவர்கிட்டகூட நான் சொன்னதில்ல. உன்கிட்டயும் சொன்னதில்ல."

தலைவர் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார்.

"அவ நிஜத்தைத்தான் சொல்லியிருக்கா," என்றாள் அக்கா. இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "நீ பொய் சொல்லலடின்னு இனிமே அவகிட்ட யார் போய்ச் சொல்றது?"

 அவள் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், இரண்டு பேரும் அழுதோம்.